மேம்பாலத்தில் வழுக்கிய கிளச்: 1951 பி.எஸ்.ஏ. பென்டமுக்குச் சாமான் தேடிய விபரம்

பெரியப்பாவின் பென்டம் மோட்டார் சைக்கிளில் கிளச் முதன்முதலாக வழுக்கியது கொழும்பு ஒருகொடவத்தை மேம்பாலத்தில். மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் சத்தம் திடீரென்று உயர்ந்தது. வண்டியின் வேகமோ இறங்கியது. த்ரொட்டிலை இன்னும் திருகினால் சத்தம்தான் கூடியது. பின்னால் வந்த கொள்கலன் லொறி ஹோர்ன் அடிக்க, ஓரமாக ஒதுங்கி, முதலாம் கியரில் ஊர்ந்து மறுபக்கம் இறங்கினேன். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் கருகிய மணம் ஒன்று எழும்பியது. கிளச்சுக்குள் இருக்கும் தக்கை எரிந்தால் அப்படித்தான் மணக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

எஞ்சினின் பலத்தைச் சில்லுக்குக் கடத்தி, லீவரை இழுத்தால் விட்டுவிடுவதுதான் கிளச். அதைச் சரியாக்க எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. அதில் ஸ்பேனர் பிடித்த நேரம் மூன்று நாளுக்கு மேல் வராது. மிச்சம் முழுக்கச் சாமான் தேடிய நேரம். அந்தத் தேடலிலும் பாதி என் பிழையால் நீண்டது. என்ன தேய்ந்திருக்கிறது என்று திறந்து அளக்கும் முன்பே, "பென்டம் கிளச் பிளேட் இருக்கா?" என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். பழைய வண்டி வைத்திருக்கும் இன்னொருவருக்கு அந்த நேரமாவது மிஞ்சட்டும் என்றுதான் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

வண்டி

இது 1951ஆம் ஆண்டின் டி1 மாடல். 123 சிசி, டூ ஸ்ட்ரோக், மூன்று கியர். எஞ்சின் இலக்கம் ஒய்.டி. என்று தொடங்குகிறது. பெரியப்பா துறைமுகத்தில் கிளாக் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம், 1966இல், செக்கன் ஹேண்டாக வாங்கியது. பெரியம்மாவைப் பெண் பார்க்கப் போனதும் இதில்தான். வண்டியை விற்கும் பேச்சு எங்கள் வீட்டில் ஒருநாளும் எடுபட்டதில்லை.

பென்டமின் பூர்வீகம் ஜெர்மனி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், டி.கே.டபிள்யூ. கொம்பனியின் ஆர்.டி.125 வண்டியின் வரைபடங்கள் போர் நட்டஈடாக நேச நாடுகளின் கைக்குப் போயின. அதை வைத்து பிரிட்டிஷ் கொம்பனியான பி.எஸ்.ஏ. 1948இல் பென்டமை வெளியிட்டது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும் ரஷ்யாவில் மொஸ்க்வாவும் அதே வடிவத்தில் வண்டி செய்தன. யமஹா 1955இல் செய்த முதல் மோட்டார் சைக்கிளான வை.ஏ.1-உம் அதே குடும்பம்தான்.

இந்த வரலாற்றை நான் ரசித்துப் படித்தவன். அதனாலேயே ஒரு தவறான நம்பிக்கையும் வந்தது. உறவுக்கார வண்டி எதனுடைய கிளச்சாவது பொருந்தும் என்று நினைத்தேன். பொருந்தாது. பி.எஸ்.ஏ. அந்த எஞ்சினைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாற்றி, மில்லிமீற்றரை விட்டு அங்குலத்தில் திரும்ப வரைந்தது. பிரிட்டிஷ்காரருக்குக் கியர் பெடல் வலது காலில் இருக்கவேண்டும். வெளித்தோற்றம் ஒன்று, அளவு வேறு.

பென்டமில் இருப்பது எண்ணெயில் மூழ்கி ஓடும் கிளச். கியர்பொக்ஸுக்கும் கிளச்சுக்கும் ஒரே எண்ணெய். மூன்று உராய்வு பிளேட்டுகளின் கண்களுக்குள் தக்கைத் துண்டுகள் இறுக்கி வைக்கப்பட்டிருக்கும். இடையிடையே வெறும் ஸ்டீல் பிளேட்டுகள். ஆறு ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்துகின்றன. முழுக் கட்டையும் ட்ரம் என்ற வட்டக் கூட்டுக்குள் பிடித்து வைத்திருப்பது ஒரு பெரிய சர்க்கிளிப், அதாவது பள்ளத்தில் விழுந்து பூட்டும் வில் வளையம். எஞ்சினின் பலமே நான்கரைக் குதிரைவலுவுக்குக் கிட்டத்தட்டத்தான் என்பதால் தக்கை அதற்குத் தாராளம்.

தக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் வரும் ரொபர்ட் ஹூக் 1665இல் நுணுக்குக்காட்டியில் பார்த்து 'கலம்' என்று பெயர் வைத்தது இதே தக்கையைத்தான். அந்தக் கலங்களுக்குள் இருப்பது காற்று. அதனால்தான் தக்கையை அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்காது, விட்டால் பழைய உயரத்துக்கு வந்துவிடும். எண்ணெயில் நனைந்தாலும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரே எதிரி சூடு. கருகிய தக்கை கரியாகி, மேல்முகம் கண்ணாடிபோல் பளபளத்து, பிடியை விட்டுவிடும்.

கேபிளும் எண்ணெயும்

கிளச் வழுக்கினால் முதலில் பார்க்கவேண்டியது கேபிளின் தளர்வு. லீவரை விரலால் இழுத்தால் கொஞ்சமாவது வெறுமனே அசையவேண்டும். அசையாவிட்டால் கேபிள் எந்நேரமும் கிளச்சைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறது என்று அர்த்தம். என்னுடையதில் தளர்வு இருந்தது. ஆனாலும் புதுக் கேபிள் ஒன்று செய்வித்தேன். தேவையில்லாத செலவு.

இரண்டாவது எண்ணெய். இதில் உண்மையாகவே ஒரு குற்றவாளி இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு சேர்விஸ் நிலையத்தில் கியர்பொக்ஸ் எண்ணெய் மாற்றியிருந்தேன். ஊற்றியது கார்களுக்கான நல்ல, விலைகூடிய மல்டிகிரேட். மீதிப் போத்தலின் பின்பக்கத்தில், வட்ட முத்திரைக்குள், எனர்ஜி கன்சர்விங் என்று இருந்தது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் இரசாயனம் சேர்த்த எண்ணெய் அது. காரின் கிளச் எண்ணெய்க்கு வெளியே இருப்பதால் அங்கே பிரச்சினை இல்லை. நம் கிளச்சோ அந்த எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. மோட்டார் சைக்கிளின் ஈரக் கிளச்சுக்கு என்று ஜப்பானியர் 1998இல் வகுத்த ஜாஸோ எம்.ஏ. என்ற தரம் வந்ததே இதனால்தான். போத்தலில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிக்குச் சேர்மானம் இல்லாத ஒற்றைத் தர 40 எண்ணெயும் போதும். நான் இப்போது அதைத்தான் ஊற்றுகிறேன்.

எண்ணெயை வடித்து, புதிதாக ஊற்றி, மூன்று நாள் ஓடிப் பார்த்தேன். வழுக்கல் குறைந்தது, நிற்கவில்லை. சரி, திறக்காமல் தீராது.

திறந்து பார்த்தது

திறப்பதற்கு முன் ஸ்பேனர் விஷயம். இந்த வண்டியில் மில்லிமீற்றர் ஸ்பேனரைப் போடவே கூடாது. இதற்கு வேண்டியது விட்வோர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு ஸ்பேனர். அதில் எழுதியிருக்கும் இலக்கம் போல்டின் தண்டின் அளவு, தலையின் அளவு அல்ல. கால் அங்குல விட்வோர்த் ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீற்றர். 13 நுழையாது, 14 ஆடும். ஆடினால் நட்டின் மூலை உருண்டுவிடும். எங்கள் பென்டமின் பாதி நட்டுகள் ஏற்கெனவே அப்படி உருண்டவை. பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புக் கடையில் பாவித்த விட்வோர்த் ஸ்பேனர் நான்கு கிடைத்தது. முழுத் தேடலிலும் முதலில் வாங்கியிருக்க வேண்டியது அவற்றைத்தான்.

கிக் ஸ்டார்ட்டரையும் கியர் பெடலையும் கழற்றி மூடியை எடுத்ததும் சர்க்கிளிப் வழிமறித்தது. ஸ்பிரிங்குகளை அழுத்திப் பிடித்தால்தான் அது வெளியே வரும். கொம்பனி அதற்கென்றே ஒரு கருவி விற்றது. ஸ்குரூ டிரைவர் இரண்டை வைத்து நெம்பிப் பார்க்கச் சொன்ன நண்பர்கள் உண்டு. அப்படி நெம்பினால் ஆறு ஸ்பிரிங்கின் பலமும் சர்க்கிளிப்போடு சேர்ந்து முகத்துக்குத்தான் வரும். தடித்த பட்டை இரும்பில் இரண்டு துளை போட்டு, இரண்டு நீளமான போல்ட்டை ட்ரம்மின் பின்னால் கொழுவி, நட்டைச் சமனாக இறுக்கி அழுத்தும்படி ஒரு கருவியை மட்டக்குளியில் ஒரு லேத் பட்டறையில் செய்வித்தேன். அரை மணித்தியால வேலை.

பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பத்திரிகையில் வரிசையாக வைத்தேன். இரண்டு பிளேட்டில் தக்கைகள் கறுத்து, இரும்பின் மட்டத்துக்கே தேய்ந்திருந்தன. நகத்தை ஓட்டினால் மேடு தட்டவில்லை. மூன்றாவது பிளேட்டில் நிறம் கலந்து கிடந்தது. சில தக்கைகள் கறுப்பு, சில தேன் நிறம், ஓரங்கள் கத்தியால் செதுக்கியவை. பெற்றோலில் துடைத்தபோது ஒன்றின் பக்கத்தில் மங்கிய மை தெரிந்தது. ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் கால்வாசி வளைவு.

பெரியப்பா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார். "அது போத்தல் மூடி, மகன்" என்றார். "எழுவத்தி நாலோ அஞ்சோ. சாமான் ஒண்டும் வராத காலம். ஹோட்டல் ஒண்டில வேலை செய்த சிநேகிதன் பை நிறையத் தக்கை கொண்டுவந்து தந்தவன். நானும் அவனும் ராவு முழுக்க இருந்து வெட்டினது."

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டைப் பற்றி எல்லா வீடுகளிலும் கதை உண்டு. எங்கள் வீட்டில் அந்தக் கதை கிளச்சுக்குள் இருந்திருக்கிறது. 1977க்குப் பிறகு சந்தை திறந்து ஜப்பான் வண்டிகள் வந்து குவிந்தன. பென்டமின் சாமான் விற்றவர்கள் மெல்ல மெல்ல அதைக் கைவிட்டார்கள். இன்று கொழும்பில் தேடுகிறவனுக்கு இருக்கும் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம் அளந்தேன். ஸ்டீல் பிளேட்டுகளை மேசைக் கண்ணாடியில் படுக்கவைத்து விரலால் தட்டினேன். இரண்டும் டக் டக் என்று ஆடின. சூட்டில் நெளிந்துவிட்டன. ஸ்பிரிங்குகளை வெர்னியரில் பார்த்தால் நீளத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நீளம் மட்டும் போதாது என்று பிறகுதான் புரிந்தது. சமையலறைத் தராசை டிரில் ஸ்டாண்டின் கீழே வைத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் ஒரே உயரத்துக்கு அழுத்தி, தராசு காட்டும் எடையை எழுதினேன். ஆறில் இரண்டு மற்றவற்றைவிடக் கால்வாசி இளகியிருந்தன. ஒரு பக்கம் பலம், மறுபக்கம் இளக்கம் என்றால் அழுத்தும் தட்டு சாய்ந்துதான் உட்காரும்.

ட்ரம்மின் பள்ளங்களில் பிளேட்டின் விளிம்பில் நீட்டியிருக்கும் நாக்குகள் இடித்து இடித்துச் சிறு வெட்டுகள் விழுந்திருந்தன. ட்ரம்மை ஆட்டினால், அச்சைச் சுற்றியிருக்கும் நடுப் புஷ்ஷில் தளர்வு. கிளச்சைத் தள்ளும் கம்பியின் முனை ஆணித் தலைபோல் விரிந்திருந்தது. கம்பியின் வழியில் இருக்கும் சின்ன இரும்புக் குண்டு ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது.

நோய் எப்படி வளர்ந்தது என்று அப்போது ஒரு கோர்வை கிடைத்தது. தக்கை தேயத் தேய பிளேட் அடுக்கின் மொத்த உயரம் குறையும். உயரம் குறைந்தால் ஸ்பிரிங் அவ்வளவுக்கு நீள்கிறது, அழுத்தம் விழுகிறது. அழுத்தம் விழுந்தால் வழுக்கும், வழுக்கினால் சூடு. சூட்டில் ஸ்பிரிங் இளகி, பிளேட் நெளிந்து, தக்கை கருகும். கார் எண்ணெய் அந்தச் சுற்றைக் கொஞ்சம் வேகமாக்கியது, அவ்வளவுதான். புதுப் பிளேட் மட்டும் கிடைத்துப் பூட்டியிருந்தால் சில மாதத்தில் திரும்பவும் அதே மேம்பாலத்தில் நின்றிருப்பேன்.

பஞ்சிகாவத்தை

கொழும்பில் வாகனச் சாமான் என்றால் மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தைதான். ஒழுங்கைக்கு ஒழுங்கை கடைகள். ஒருவர் முச்சக்கர வண்டி மட்டும், அடுத்தவர் லொறி, இன்னொருவர் ரிக்கண்டிஷன் எஞ்சின். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், இருக்கும் வண்டியை எப்படியாவது ஓடவைக்கவேண்டும் என்று வருகிறவர்களால் அந்த ஒழுங்கைகளில் சனம் இன்னும் கூடியது.

முதல் சுற்றில், திறப்பதற்கு முன், பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு பதினைந்து கடையாவது ஏறியிருப்பேன். இளம் பெடியன்களுக்குப் பென்டம் என்ற பெயரே புதிது. ஒருவர் உதவும் எண்ணத்தோடு பஜாஜ் முச்சக்கர வண்டியின் பிளேட்டை எடுத்துக் காட்டினார். விட்டமும் வேறு, வெளி நாக்குகளும் வேறு. அதை வெட்டி ஒட்டிப் பொருத்தலாம் என்று சொன்னவர்களும் உண்டு. செய்யக்கூடாது. நாக்கு பள்ளத்தில் முழுதாக உட்காராவிட்டால் ட்ரம் உடையும், ட்ரம் உடைந்தால் அதற்கு மாற்றுத் தேடும் பாடு இதைவிடப் பெரிது.

இரண்டாம் சுற்றில் கழற்றிய பிளேட்டையும் ஒரு கடதாசியில் அளவுகளையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே தள்ளி ஒரு சின்னக் கடை. வயதான நானா ஒருவர் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முதல் சுற்றில் "இல்லை மகன்" என்று கையசைத்து அனுப்பியவர். இம்முறை பேசாமல் ஸ்டீல் பிளேட்டை மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு, பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரச் சொன்னா எனக்கு வெளங்காது. சாமானக் காட்டினாத்தான். உள்ளுக்கு வாப்பாட காலத்துத் தகரம் ஒண்டு ஈக்கிது, பாப்பம்."

பிஸ்கட் தகரம் ஒன்றைத் தூசியோடு கொண்டுவந்தார். உள்ளே மெழுகுக் கடதாசியில் சுற்றிய பொதிகள். ஒன்றைப் பிரித்தால் பிஸ்டன் ரிங், இன்னொன்றில் ஏதோ வாஷர்கள். அடியில் ஒரு தட்டையான பொதி. 90 என்று தொடங்கும் இலக்கம் அரைகுறையாகத் தெரிந்தது. பி.எஸ்.ஏ. சாமான் இலக்கத்தின் முன் இரண்டு தானங்கள் வண்டியின் குடும்பத்தைச் சொல்பவை. 90 என்றால் பென்டம். எனக்கு நெஞ்சு அடித்தது. பிரித்தால் கிறீஸ் பூசிய இரண்டு ஸ்டீல் பிளேட். என்னுடையதை அதன்மேல் வைத்தேன். நாக்கோடு நாக்கு, ஓரத்தோடு ஓரம். அவருடைய மேசைக் கண்ணாடியில் படுக்கவைத்துத் தட்டினேன். ஆடவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே கடையில், அந்தத் தகரத்திலிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

நானா சொன்ன விலைக்கு நான் பேரம் பேசவில்லை. தகரத்தின் மிச்சத்தை ஒழுங்காகப் பிரித்து, எது எந்த வண்டிக்கு என்று இலக்கத்தைப் பார்த்து எழுதிக் கொடுக்க ஒரு சனிக்கிழமை திரும்பப் போனேன். அப்படி எத்தனை தகரங்கள் அந்த ஒழுங்கைகளில் பெயரில்லாமல் கிடக்கின்றனவோ என்று நினைத்தால் இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.

குண்டுக்குப் பஞ்சிகாவத்தை தேவைப்படவில்லை. சைக்கிளின் முன் அச்சில் 3/16 அங்குலக் குண்டும் பின் அச்சில் 1/4 அங்குலக் குண்டும் இன்றைக்கும் அங்குலத்தில்தான் வருகின்றன. ஆமர் வீதியில் ஒரு சைக்கிள் கடையில் இரண்டிலும் பத்துப் பத்து வாங்கி, பழையதோடு ஒப்பிட்டு எடுத்தேன். ஐந்து மாதத்தில் மிகச் சுலபமாகக் கிடைத்தது அதுதான்.

தக்கை எங்கே?

பெரியப்பா செய்ததை நானும் செய்யலாம் என்று முதலில் நினைத்தேன். ஹார்ட்வெயார் கடையில் தக்கைத் தகடு கிடைக்கிறது, கேஸ்கெட் வெட்டுவதற்கு. அதில் துண்டு வெட்டி ஒரு பிளேட்டின் நான்கு கண்ணில் இறுக்கி, எண்ணெயில் ஊறவைத்து, மறுநாள் இன்னொரு பிளேட்டை மேலே வைத்துக் கையால் அழுத்தித் திருகினேன். பொடிப்பொடியாகக் கொட்டியது. காரணம், அது முழுத் தக்கை இல்லை. தக்கைத் தூளை இறப்பரோடோ பசையோடோ சேர்த்து அழுத்தியது. கேஸ்கெட்டாகச் சும்மா இருக்கும், இழுவையைத் தாங்காது. போத்தல் மூடிகளிலும் இப்போது நிறைய அந்தத் தூள் வகைதான். முழுத் தக்கை வேண்டுமானால் மரப்பட்டையின் வரிகள் தெரியும் மூடியாகப் பொறுக்கவேண்டும். மூன்று பிளேட்டுக்கு அப்படிச் சேர்ப்பதற்கு என்னிடம் ஹோட்டல் சிநேகிதன் இல்லை.

பென்டம் பல லட்சக் கணக்கில் விற்ற வண்டி என்பதால் இங்கிலாந்தில் இன்னும் அதற்குத் தக்கை பிளேட் செய்கிறார்கள். ஸ்பிரிங் ஆறும் அங்கேயிருந்துதான். ட்ரம் மாதிரிப் பாரமானதை வரவழைத்தால் தபால் செலவே கழுத்தைப் பிடிக்கும். பிளேட்டும் ஸ்பிரிங்கும் இலேசு. அதனால் வெளியிலிருந்து எடுப்பது இந்த இரண்டும் மட்டும், மற்றதெல்லாம் கொழும்பிலேயே என்று முடிவுசெய்தேன்.

முதல் பொதி ஏமாற்றியது. வந்த பிளேட்டுகள் பிந்திய மாடல் ஒன்றுக்குரியவை. ஓடரில் டி1 என்று தெளிவாக எழுதியிருந்தேன், விற்றவர் மாற்றி அனுப்பிவிட்டார். பென்டம் 1948இலிருந்து 1971 வரை டி1, டி3, டி5, டி7, டி10, டி14, பி175 என்று மாறிக்கொண்டே வந்தது. "பென்டம்" என்ற ஒரே பெயர் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. இரண்டாம் முறை மாடல் பெயரை நம்பவில்லை. எஞ்சின் இலக்கம், பிளேட்டின் வெளி விட்டம், உள் விட்டம், நாக்குகளின் எண்ணிக்கை, நாக்கின் அகலம் எல்லாவற்றையும் எழுதி, அடிமட்டத்தோடு சேர்த்துப் படமும் எடுத்து அனுப்பினேன். வேறொரு விற்பனையாளர் அதே நாள் பதில் எழுதினார். ஆறு வாரத்தில் பொதி தபாலில் வந்தது. சுங்கத்தில் கட்டியதில், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிய பெறுமதி சேர் வரியும் சேர்த்தி. வாங்கும்போதே இதையும் விலையில் கூட்டிப் பாருங்கள்.

லேத் பட்டறையில்

காத்திருந்த ஆறு வாரத்தில் ட்ரம்மையும் கம்பியையும் மட்டக்குளிக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்கார அண்ணன் ஹட்டன் பக்கத்தவர், முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பழுது பார்த்தவர். ட்ரம்மின் வெட்டுகளை வெல்டிங் வைத்து நிரப்பலாமா என்று கேட்டேன். உடனே மறுத்தார்.

"சூடு பட்டா வட்டம் ஓடிரும் தம்பி. பல்லு ஒரு பக்கம் உயரும், செயின் ஒருக்கா இறுகும், ஒருக்கா தளரும். அரம் போட்டாப் போதும். வெட்டு ஆழமில்ல."

ஒவ்வொரு பள்ளத்தின் சுவரையும் நுண்ணரத்தால் நேராக்கினார். வெட்டு முழுதாகப் போகும்வரை தேய்க்கவில்லை; நாக்கு சிக்காமல் வழுக்கிச் செல்லும் அளவில் நிறுத்தினார். அந்த நிறுத்துமிடம் அனுபவத்தில் வருவது. நான் செய்திருந்தால் இன்னும் தேய்த்துப் பள்ளத்தை அகலமாக்கியிருப்பேன்.

புஷ்ஷைப் பொஸ்பர் பிரொன்ஸ் கம்பியில் கடைந்தார். பழைய புஷ்ஷை அளக்க நான் நீட்டியபோது வாங்கவில்லை. தேய்ந்ததை அளந்து புதிதைச் செய்தால் தேய்மானத்தையும் சேர்த்துச் செய்ததாகிவிடும் என்று சொல்லி, அச்சை அளந்தார், அதுவும் தேயாத ஓரத்தில். பூட்டும்போது எண்ணெய் பூசிய புஷ் தன் பாரத்தில் மெதுவாக வழுகி இறங்கியது. கம்பியின் முனையை வெட்டி, புது எஃகுத் துண்டு பொருத்திப் பதம் வைத்தார். பதமில்லாத முனை சில வாரத்தில் திரும்பவும் ஆணித் தலையாகிவிடும்.

பூட்டியது

புதுத் தக்கைகளை அப்படியே பூட்டக்கூடாது. கியர்பொக்ஸில் ஊற்றப்போகும் அதே எண்ணெயில் ஓர் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் சில தக்கைகள் மற்றதைவிடச் சற்று உயர்ந்து நின்றன. கண்ணாடியில் நுண்மையான உப்புத்தாளை ஒட்டி, பிளேட்டை அதன்மேல் எட்டு வடிவில் மெல்லத் தேய்த்து, எல்லாத் தக்கையும் தாளைத் தொடும்வரை இறக்கினேன். மைப் பேனையால் தக்கை முகங்களில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எது தொட்டது எது தொடவில்லை என்று உடனே தெரியும். ஒரு பிளேட்டுக்கு இருபது நிமிடம். அவசரப்பட்டால் ஒரு பக்கம் கூடுதலாகத் தேயும், அதைத் திருத்த வழியில்லை.

ஸ்பிரிங் ஆறையும் பூட்டுமுன் தராசில் வைத்தேன். ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். பழைய சர்க்கிளிப்பை விட்டுப் பொதியோடு வந்த புதியதைப் போட்டேன். ஒருமுறை விரித்த சர்க்கிளிப்பைத் திரும்ப நம்புவதில்லை. செய்வித்த கருவியை இறுக்கி, சர்க்கிளிப் பள்ளத்தில் விழுந்ததும் சுற்றிலும் ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில்கூட மேலே நிற்கக்கூடாது. கருவியைத் தளர்த்தும்போது பெரியப்பாவைத் தள்ளி உட்காரச் சொன்னேன். அவர் நகரவில்லை.

எண்ணெய் ஊற்றி, கேபிளுக்குத் தளர்வு வைத்து, எஞ்சினைக் கிளப்பினேன். முதலாம் கியர் போட்டபோது வண்டி கொஞ்சம் முன்னால் தள்ளியது. கிளச் முழுதாக விடுபடவில்லை. புதுத் தக்கையில் இது எதிர்பார்த்தது. எஞ்சினை நிறுத்தி, லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலைந்து தடவை மிதித்ததில் ஒட்டியிருந்த பிளேட்டுகள் பிரிந்தன. தள்ளு கம்பியின் மரையாணியைக் கால் சுற்றுத் திருகியதும் சரியானது.

முதல் நூறு கிலோமீற்றர் மெதுவாக ஓடினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து கொச்சிக்கடை, புறக்கோட்டை, திரும்ப வீடு. நூறு முடிந்த அன்று பெரியப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒருகொடவத்தைக்குப் போனேன். மூன்றாவது கியர். ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் கனத்தது, சத்தம் தாழ்ந்தது, வேகம் சத்தத்தோடு சேர்ந்தே இறங்கியது. கிளச் பிடித்திருந்தது. உச்சிக்குக் கிட்ட இரண்டாவதுக்கு மாற்றினேன். பெரியப்பா முதுகில் இரண்டு தடவை தட்டினார்.

ஐந்நூறாவது கிலோமீற்றரில் எண்ணெயை வெள்ளைத் துணி வழியாக வடித்தேன். சிறு தக்கைத் துணுக்குகள் சில, உப்புமணியளவு. இரும்புத் தூள் இல்லை. கேபிளை ஒரு தடவை அரைச் சுற்று இறுக்கினேன். அடுத்த வடிப்பு ஆயிரத்தில்.